ராயபுரத்தில் 60 பாயிண்ட் கேபிளிங்: மூன்று கொட்டேஷன், மூன்று விலை, எது சரி?

நீங்கள் கேட்டது இதுதான். ராயபுரத்தில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக ஒரு பழைய கட்டடம். கிளியரிங் அண்டு ஃபார்வர்டிங் ஆபீஸ், 40 பேர் வேலை செய்கிறார்கள். வாடகைக்கு எடுத்தாயிற்று, பெயின்ட் அடிக்குமுன் நெட்வொர்க் கேபிள் போட வேண்டும். கேபிள் போய் முடியும் ஓர் இடத்தைத்தான் ஒரு பாயிண்ட் என்கிறோம். 60 பாயிண்ட்டுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினீர்கள். ஒருவர் 1.26 லட்சம், இன்னொருவர் 2.45 லட்சம், மூன்றாமவர் 4.10 லட்சம். ஒரே வேலைக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம், யார் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபது வருடமாக பாரிமுனை, மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, மணலி பக்கம் இதே வேலையைச் செய்கிறேன். மூன்று பேருமே ஏமாற்றாமல்கூட இந்த மூன்று விலையைச் சொல்லியிருக்க முடியும். ஏனென்றால் மூன்றும் ஒரே வேலை இல்லை. “ஒரு பாயிண்ட் எவ்வளவு?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். அந்த ஒரு பாயிண்ட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால்தான் விலையை ஒப்பிட முடியும்.

சரி, முதலில் 60 என்ற எண்ணிக்கை சரியா என்று பார்ப்போம். நீங்கள் எழுதியபடி 40 மேஜை, 6 பிரிண்டர், 8 கேமரா, 5 வைஃபை, வருகைப்பதிவு மிஷின் ஒன்று. மொத்தம் 60. இது நியாயமான கணக்கு. மேஜைக்கு இரண்டு பாயிண்ட் போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் வேண்டாம் என்று சொல்லலாம். இப்போது வரும் ஐ.பி. போன்களில் பின்பக்கம் இரண்டு போர்ட் இருக்கும். சுவரிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு என்று ஒரே கேபிளில் இரண்டையும் ஓட்டிவிடலாம். அதற்காக மேஜைகளைக் குறைத்துவிட்டு “எல்லாரும் வைஃபையில் வேலை செய்யட்டும்” என்று போகாதீர்கள். உங்கள் கட்டடத்தின் சுவர் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒன்றரை அடி கனம் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டும்போது பாதி உயிர் போய்விடும். ஏறக்குறைய அறைக்கு ஒன்று என்று 5 வைஃபை போட்டிருப்பதும் அதனால்தான் சரி.

இனி நான் இந்த வேலையை எடுத்தால் எப்படிக் கணக்குப் போடுவேன் என்று சொல்கிறேன். விலை எல்லாம் நான் கொட்டேஷனில் போடும் நடுத்தர விலை. தாமிர விலை ஏறி இறங்குவதால் கேபிள் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால்தான் நாங்கள் கொட்டேஷனில் “15 நாள் மட்டும் செல்லும்” என்று எழுதுகிறோம்.

எல்லாக் கேபிளும் ஓரிடத்தில் வந்து சேரும் அலமாரிதான் ரேக், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியும் அதில்தான் இருக்கும். ரேக்கிலிருந்து ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் சராசரி 32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 பாயிண்ட்டுக்கு 1,920 மீட்டர். வளைவு, ரேக்குக்குள் விடும் சுற்று, வெட்டி வீணாவது என்று 10 சதவீதம் சேர்த்தால் 2,112 மீட்டர். ஒரு பெட்டியில் 305 மீட்டர் வரும், ஆக 7 பெட்டி. நல்ல கம்பெனியின் சுத்தத் தாமிர கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) கேபிள் பெட்டி 9,000 என்று போட்டால் 63,000. சுவரில் வரும் ஜாக், ஃபேஸ் பிளேட், அடிப்பெட்டி எல்லாம் சேர்த்து 18,000. சுவர்க் கேபிள்கள் ரேக்கில் வந்து முடியும் 24 போர்ட் பேட்ச் பேனல் மூன்று, 12,000. ரேக் பக்கம் ஒரு மீட்டர், மேஜை பக்கம் இரண்டு மீட்டர் என்று 120 பேட்ச் கார்டு (இரண்டு பக்கமும் சொருகும் சின்னக் கேபிள்), 21,600. சுவரில் மாட்டும் 15யு அளவு ரேக், கேபிள் மேனேஜர், பவர் ஸ்ட்ரிப்போடு 11,000.

இதுவரை சொன்னது ரேக்கும் சாமானும். வேலை பக்கம் வந்தால், பி.வி.சி. பைப், கேசிங் (கேபிளை மூடும் பட்டை) சுமார் 350 மீட்டர், சாமானும் கூலியும் சேர்த்து மீட்டருக்கு 70 ரூபாய் வீதம் 24,500. மாடிக்கு மாடி கேபிளை ஏற்றும் பெரிய ட்ரங்கிங் (சதுரக் குழாய்) 4,200. கேபிள் இழுக்க மீட்டருக்கு 15 ரூபாய், 28,800. கம்பிகளை ஜாக்கிலும் பேனலிலும் அழுத்திப் பொருத்தும் பஞ்சிங், இரண்டு பக்கமும் சேர்த்து 7,200. கேபிள் நுனியில் ஃபெரூல் என்ற அடையாள வளையம் போட்டு நம்பர் எழுதி டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொடுக்க 6,000. கனமான சுவரில் நான்கு பெரிய துளை, 3,600. வண்டி, ஏற்றுகூலி 3,000. மொத்தம் 2,02,900. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,522. ஆக 2,39,422 ரூபாய். ஒரு பாயிண்ட்டுக்கு வரியோடு ஏறத்தாழ 4,000. ஸ்விட்ச், ரவுட்டர், யு.பி.எஸ்., கேமரா எதுவும் இதில் இல்லை. அது தனிக் கணக்கு.

உங்கள் நடுக் கொட்டேஷன் இதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அவர் கணக்குத் தெரிந்தவர்.

முதல் கொட்டேஷன் 1.26 லட்சம், அதாவது பாயிண்ட்டுக்கு 2,100. நீங்கள் அனுப்பியதில் ஒரே வரிதான் இருக்கிறது: “கேட் 6 கேபிளிங், 60 பாயிண்ட், எல்லாம் சேர்த்து.” கேபிள் எந்தக் கம்பெனி என்று இல்லை. பேட்ச் பேனல் என்ற சொல்லே இல்லை. டெஸ்ட் இல்லை. வரி இல்லை. என் கணக்கில் வரிக்கு முன் வந்த 2,02,900க்கும் இதற்கும் 76,900 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணம் எங்கே குறைந்தது என்று நானே தேடிப் பார்த்தேன். பேட்ச் பேனலையும் ரேக் பக்கத்து பேட்ச் கார்டையும் விட்டுவிட்டு, சுவரிலிருந்து வரும் கேபிளிலேயே நேராக கனெக்டரை கிரிம்ப் பண்ணி (அழுத்திப் பொருத்தி) ஸ்விட்ச்சில் சொருகினால் 21,000 மிச்சம். டெஸ்ட்டில் 6,000. மலிவு கேபிள் பெட்டி 4,000க்குக் கிடைக்கும், அதில் 35,000. மிச்சம் ஏறத்தாழ 15,000 பைப்பில். இதைவிட வேறு வழியில் அந்த விலைக்கு வர எனக்குத் தெரியவில்லை.

அந்த 35,000 ரூபாயைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருடம் முன்பு தம்பு செட்டி தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். கேமராக்கள் பகலெல்லாம் நன்றாக வேலை செய்கின்றன, சாயங்காலம் ஆறரை மணியானால் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எரிகின்றன என்றார்கள். ஏற்கெனவே ஸ்விட்ச் மாற்றியாயிற்று, இரண்டு கேமரா மாற்றியாயிற்று. ஏதோ கரன்ட் கோளாறு என்று எலக்ட்ரீஷியனும் வந்து போய்விட்டார். எங்கள் பையன் கோடியில் இருந்த கேமராவின் கேபிளை ஒரு ஜாண் வெட்டி, தோலை உரித்து, ஒரு கம்பியை மட்டும் எடுத்து ஷேவிங் பிளேடால் மெதுவாகச் சுரண்டினான். மேலே செம்பு நிறம். இரண்டே இழுப்பில் உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. “அண்ணே, இது காப்பரே இல்லண்ணே” என்று கம்பியை என் கையில் கொடுத்தான். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம். சந்தையில் இதை சி.சி.ஏ. என்பார்கள்.

சாயங்காலம் மட்டும் ஏன்? இருட்டினால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பிக்கும், அப்போது அது இழுக்கும் மின்சாரம் கூடும். கேமராவுக்கு டேட்டாவும் கரன்ட்டும் அதே கேபிளில்தான் போகிறது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். 70 மீட்டர் தூரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், கேமரா அணையும். அணைந்தால் சுமை குறையும், மறுபடி எரியும், மறுபடி அணையும். கேபிள் சூடாவது வேறு. கேட் 6 தரம் என்று சொல்ல வேண்டுமென்றால் கம்பி முழுத் தாமிரமாக இருக்க வேண்டும். முலாம் பூசிய கம்பிக்கு அந்தப் பெயரே பொருந்தாது, பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

அந்த ஆபீசில் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து, எல்லாக் கேபிளையும் உருவி, புதிதாக இழுத்து, மறுபடி சீலிங் அடைத்து, பெயின்ட் அடித்தார்கள். முதல் முறை மிச்சம் பிடித்ததைப்போல் எத்தனையோ மடங்கு போயிற்று. வேலை நடந்த பத்து நாளும் கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த முதலாளி என்னிடம் கோபப்படவே இல்லை, “முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெட்டி வந்ததும் ஒரு சாண் வெட்டி வாங்குங்கள், பிளேடால் சுரண்டுங்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், முழுத் தாமிரம் கனமாக இருக்கும், அலுமினியப் பெட்டி ஏமாற்றும் அளவுக்கு லேசாக வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரிய கம்பெனி பெயரிலேயே போலிப் பெட்டியும் உண்டு. அதனால் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் கேபிள் வாங்க விடாதீர்கள். பில் உங்கள் கம்பெனி பெயரில் இருந்தால் வரியையும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். வரி இல்லாத 1.26 லட்சத்தையும் வரியோடு கூடிய 2.45 லட்சத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியில்லை என்பது இதனாலும்தான்.

பேட்ச் பேனல் இல்லாமல் நேராக கிரிம்ப் பண்ணுவதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். சுவருக்குள் ஓடும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைக் கட்டிக் கம்பி. அது அசையாமல் கிடக்கவே செய்யப்பட்டது. பேட்ச் கார்டில் இருப்பது மெல்லிய இழைகளைச் சேர்த்த கம்பி, அது வளைந்து கொடுக்கும். கட்டிக் கம்பியை ஸ்விட்ச்சில் சொருகி, ஒவ்வொரு தடவையும் யாராவது இழுத்து ஆட்டினால், கனெக்டர் பக்கம் கம்பி அறுந்துவிடும். அப்போது கேபிளையே கொஞ்சம் வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ண வேண்டும். நான்கு தடவை வெட்டினால் கேபிள் எட்டாது. பேட்ச் பேனல் இருந்தால் 150 ரூபாய் கார்டை மாற்றிவிட்டுப் போய்விடலாம்.

இப்போது 4.10 லட்சத்துக்கு வருவோம். அவர் கேட் 6ஏ, உலோக உறை போட்ட கேபிள், 25 வருட வாரண்டி என்று போட்டிருக்கிறார். பொருள் நல்ல பொருள். உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. கேட் 6ஏ 500 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், 100 மீட்டர் வரை 10 கிகாபிட் கொண்டுபோகும். கேட் 6, 250 மெகாஹெர்ட்ஸ். 1 கிகாபிட்டை 100 மீட்டருக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் கொண்டுபோகும், 10 கிகாபிட்டைக்கூட சூழல் நன்றாக இருந்தால் 55 மீட்டர் வரை கொண்டுபோகும். உங்கள் சராசரி தூரம் 32 மீட்டர். புது வைஃபை பெட்டிகளுக்கு 2.5 கிகாபிட் வேண்டுமென்றாலும், 2016இல் வந்த தரத்தின்படி அது முந்தைய தரமான கேட் 5இ கேபிளிலேயே ஓடும், கேட் 6இல் 5 கிகாபிட் வரை ஓடும். துறைமுக ஆவணம், ஐஸ்கேட் (சுங்கத்துறை இணையதளம்) ஃபைலிங், டேலி, மெயில், கேமரா. இந்த வேலைக்கு மேஜைக்கு 10 கிகாபிட் என்பது பத்து வருடத்துக்கும் தேவைப்படாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த உறை. உறை போட்ட கேபிள் என்றால் அந்த உறையை ஜாக், பேனல், ரேக் வழியாக ஒழுங்கான எர்த்தோடு சேர்க்க வேண்டும். ராயபுரம், மண்ணடி பக்கத்துப் பழைய கட்டடங்களில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 10, 15 வோல்ட் காட்டும் கட்டடங்களை நானே அளந்திருக்கிறேன். அப்படிப்பட்ட எர்த்தில் உறையைக் கட்டினால் பலனும் இல்லை, சில நேரம் வேறு தொந்தரவும் வரும். அந்த வித்தியாசப் பணத்தில் கொஞ்சம் எடுத்து புது எர்த் குழி ஒன்று போட்டு, நியூட்ரல் எர்த் வோல்டேஜை 2 வோல்ட்டுக்குள் கொண்டுவந்து, ரேக்கை அதில் கட்டுங்கள். ஸ்விட்ச்சும் யு.பி.எஸ்.ஸும் அதற்காக நன்றி சொல்லும்.

25 வருட வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. அது கேபிள் கம்பெனி கொடுப்பது. கேபிள், ஜாக், பேனல், பேட்ச் கார்டு எல்லாம் அதே கம்பெனியாக இருக்க வேண்டும், அவர்கள் சான்று கொடுத்த ஆள் வேலை செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டாலும் வாரண்டி வராது. ஒப்பந்தக்காரர் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது இந்த வாரண்டி இல்லை. கம்பெனியிலிருந்து உங்கள் முகவரிக்கு வரும் சான்றிதழ்தான் வாரண்டி.

அடுத்து கட்டடம். வடசென்னையில் கேபிளிங் விலையைத் தீர்மானிப்பதில் பாதி கட்டடத்தின் கையில் இருக்கிறது. அண்ணா நகரிலோ ஓ.எம்.ஆரிலோ போடும் மீட்டர் விலையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் நடந்தாலே தெரியும், எவ்வளவு பழைய சுவர்கள் இன்னும் ஆபீசாகவும் குடோனாகவும் உழைத்துக்கொண்டிருக்கின்றன என்று. உங்கள் மேல்மாடிக் கூரை மெட்ராஸ் டெரஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். தேக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பில் கட்டிய கூரை. அந்தச் செங்கல்லில் ஹேமர் டிரில் வைத்து ட்ரே தொங்கவிட ஆணி அடிக்கவே கூடாது. பக்கத்துக் கல் ஆட்டம் காணும், அடுத்த மழையில் அங்கே ஒழுகும். கேபிள் பாதையை உத்திரத்தின் பக்கவாட்டில் அல்லது சுவரின் மேல் ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சுவரில் துளை போடுவதும் அப்படித்தான். சாதாரண பிட் பாதிச் சுவர்கூடப் போகாது. நீள பிட் வேண்டும், அடிக்கும் வேகத்தைக் குறைத்துச் சுற்றவிட்டே போட வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கம் சுண்ணாம்புப் பூச்சு தட்டுத் தட்டாக விழும், அதைப் பூச கொத்தனார், அவருக்கு ஒரு நாள் கூலி. காடி வெட்டி பைப்பைச் சுவருக்குள் புதைப்பதையும் நான் இந்தச் சுவர்களில் செய்வதில்லை. வெளியே தெரிகிற மாதிரி நல்ல கேசிங் போட்டு, சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்தால் கண்ணை உறுத்தாது, நாளைக்கு ஒரு கேபிள் சேர்க்கவும் சுலபம். பெயின்ட்டுக்கு முன் கேபிள் என்று நீங்கள் முடிவெடுத்தது நல்ல முடிவு.

பைப் அளவையும் பாருங்கள். 25 மில்லிமீட்டர் பைப்பில் கேட் 6 நான்கு, மிஞ்சினால் ஐந்து கேபிள்தான் போக வேண்டும். எட்டு, பத்து என்று திணித்து இழுத்தால் உள்ளே முறுக்கிய ஜோடிகள் நசுங்கும். கண்ணுக்குத் தெரியாது, டெஸ்டில் தெரியும். இழுக்கும் பலமும் 11 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து “ஏலேலோ” போட்டு இழுப்பது அதைத் தாண்டிவிடும். முதல் கொட்டேஷனில் பைப்புக்குப் போதிய பணமே இல்லை என்றேனே, அந்த ஆள் இப்படித்தான் திணிப்பார்.

கடல் காற்றை மறக்காதீர்கள். காசிமேடு துறைமுகத்திலிருந்து உங்கள் ஜன்னலுக்கு வரும் காற்றில் உப்பு இருக்கிறது. கிழக்குப் பக்க ஜன்னலோரம் ரேக் மாட்டிய ஓர் ஆபீசில் ஒன்றரை வருடத்தில் பேனல் ஸ்க்ரூ துருப்பிடித்து, திருப்புளி வைத்தால் தலை பொடியாக உதிர்ந்தது. மலிவு ஜாக்கைக் கழற்றினால் ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. அதனால் இந்தப் பக்கம் தகர ட்ரேக்குப் பதில் பி.வி.சி. ட்ரங்கிங், எவர்சில்வர் ஸ்க்ரூ, தங்க முலாம் ஒழுங்காக உள்ள ஜாக். ஜாக்கில் பாயிண்ட்டுக்கு 70, 80 ரூபாய் கூடும். அதைக் கொடுத்துவிடுங்கள். ரேக்கை உள்பக்க அறையில் வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் வடசென்னையில் யாரும் மறக்கவில்லை. ரேக் தரைத்தளத்தில் வேண்டவே வேண்டாம், முதல் மாடியில் நடுவில் வையுங்கள். அங்கே வைத்தால் மேலும் கீழும் தூரம் சமமாகும், கேபிளும் குறையும். தரைத்தளத்தில் ஜாக் பெட்டிகளைத் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் மேஜை மட்டத்துக்கு ஏற்றிவிடுங்கள். கேபிள் தரையோடு ஓடாமல் மேலிருந்து இறங்கட்டும். இதனால் மொத்தத்தில் நூறு மீட்டர்கூட அதிகமாகாது. புயலுக்குப் பிறகு வியாசர்பாடியில் ஓர் ஆபீசுக்குப் போனபோது, தரையில் புதைத்த பைப்பின் வாயில் ஊதினேன், மறு கோடியிலிருந்து சேறு வந்தது. அந்தப் பைப்பில் இருந்த 14 கேபிளும் போயிற்று. மேலே ஓடிய கேபிள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாமான் கொண்டுவரும் செலவும் இரவு வேலைக் கூலியும் இங்கே தனி. பகலில் அந்தத் தெருக்களில் டெம்போ நிறுத்த முடியாது, பெட்டிகளும் ரேக்கும் பாரிமுனையிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் வரும். ஆபீஸ் நடந்துகொண்டிருக்கும்போது வேலை என்றால் இரவு ஏழுக்கு மேல் அல்லது ஞாயிறு, கூலி ஒன்றரை மடங்கு ஆகும். காலிக் கட்டடமாக இருக்கும்போதே முடித்தால் அந்தச் செலவு உங்களுக்கு இல்லை. இரண்டு ஃபிட்டர், ஓர் உதவியாள் இருந்தால் 60 பாயிண்ட்டை எட்டு பத்து நாளில் முடிக்கலாம்.

மணலி குடோனையும் இதே நெட்வொர்க்கில் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே குடோனும் ஆபீஸ் அறையும் தனித்தனிக் கட்டடம், நடுவில் 150 மீட்டர் யார்டு என்றால் தாமிரக் கேபிள் கூடாது. ஒன்று, தாமிரத்துக்கு எல்லை 100 மீட்டர், அதிலும் பேனலிலிருந்து ஜாக் வரை 90தான். இரண்டு, திறந்தவெளியில் இரண்டு கட்டடத்தைத் தாமிரத்தால் இணைத்தால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு பக்கமும் ஸ்விட்ச் போகும். அதற்குப் பதில் ஃபைபர் (ஒளியில் டேட்டா போகும் கண்ணாடி இழை) போடுங்கள். ஆறு இழை சிங்கிள் மோடு ஆர்மர்டு ஃபைபர் மீட்டருக்கு 30 முதல் 50 ரூபாய்க்குள் வரும். இரண்டு கோடியிலும் ஸ்பிளைசிங் (இழைகளை ஒட்டுவது), பெட்டி, எஸ்.எஃப்.பி. (ஃபைபரை ஸ்விட்ச்சில் சேர்க்கும் சின்னக் கருவி) எல்லாம் சேர்த்தாலும் பயப்படுகிற தொகை இல்லை. கன்டெய்னர் லாரி ஏறி இறங்கும் யார்டு என்பதால் ஜி.ஐ. பைப்பில் விட்டு மூன்று அடி ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள். தோண்டும் செலவுதான் அதில் பெரியது.

டெஸ்ட் என்று சொன்னேன், அது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டு விளக்கு வரிசையாக எரியும் 300 ரூபாய்ப் பெட்டி, கம்பி அறுந்திருக்கிறதா, வரிசை மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். முலாம் கேபிளிலும் அது எட்டு விளக்கையும் எரிய வைக்கும். வேண்டியது சர்ட்டிஃபையர் என்ற கருவி. ஜோடிக்கு ஜோடி குறுக்கீடு, திரும்பி வரும் சிக்னல், நீளம், மின்தடை எல்லாவற்றையும் அளந்து பாஸ் அல்லது ஃபெயில் என்று பாயிண்ட்வாரியாக ரிப்போர்ட் தரும். அதன் விலை பல லட்சம் என்பதால் எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் நாள் வாடகைக்கு எடுக்கிறோம். 60 பாயிண்ட்டை ஒரே நாளில் முடித்துவிடலாம். ரிப்போர்ட்டை பி.டி.எஃப்.பாக மட்டும் வாங்காதீர்கள், கருவியின் மூல ஃபைலையும் வாங்குங்கள். பி.டி.எஃப்.பை யார் வேண்டுமானாலும் திருத்திவிட முடியும்.

பணம் கொடுக்கும் முறை: கேபிள் பெட்டிகள் உங்கள் ஆபீசில் இறங்கி, நீங்கள் சுரண்டிப் பார்த்த பிறகு 40 சதவீதம், கேபிள் முழுதும் இழுத்தபின் 40, டெஸ்ட் ரிப்போர்ட்டும் வரைபடமும் கைக்கு வந்தபின் 20. இதற்கு ஒத்துக்கொள்ளாத நல்ல ஒப்பந்தக்காரரை நான் பார்த்ததில்லை.

இப்போது செய்ய வேண்டியது, நடுக் கொட்டேஷன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். கேபிள், ஜாக், பேனல் மூன்றுக்கும் கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேபிளையும் பைப்பையும் மொத்தமாகப் போடாமல் மீட்டர் விலையில் போட்டு, அளந்து பில் போடச் சொல்லுங்கள். ரேக் முதல் மாடிக்குப் போவதையும் ஜாக் மூன்றடிக்கு ஏறுவதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். எர்த் குழிக்குத் தனி விலை கேளுங்கள். இவ்வளவுக்கும் அவர் 2.45 லட்சத்துக்கு மேல் பத்தாயிரம் பதினைந்தாயிரம் கேட்டால், எர்த் குழியும் நல்ல ஜாக்கும் அதில் அடங்குமென்றால் கொடுங்கள். குறைக்கச் சொல்வதானால் மேஜைப் பக்கத்து பேட்ச் கார்டில் குறையுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அளக்கும் நாளன்று நீங்களோ உங்கள் ஆளோ கூடவே நில்லுங்கள். கேபிள் தோலில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் எண் அச்சடித்திருக்கும். ரேக் பக்கம் 212 என்றும் ஜாக் பக்கம் 176 என்றும் இருந்தால் அந்தப் பாயிண்ட் 36 மீட்டர். ஜாக்கை மூடுமுன் இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால் 60 பாயிண்ட்டுக்கும் அரை நாள் ஆகும். பில்லில் வரும் மீட்டர் கணக்கை அந்த நோட்டோடு சேர்த்துப் பாருங்கள்.